தொண்ணூற்றெட்டு வயதுக் கிழவிக்கு ஒரு டம்ளர் பால்

எனக்குக் கணக்கில் கொஞ்சம் திமிர் உண்டு. சங்கரன்கோவிலில் விசைத்தறி மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், அதன் நேம்பிளேட்டைத் துடைத்துப் பார்த்து, எந்த வருடம் செய்தது, எத்தனை சுற்றுக் கம்பி ஏற்ற வேண்டும், இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட நான், என் வீட்டில், என் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த நாயின் வயதில் கோட்டை விட்டேன்.

அது கன்னி ஜாதி வேட்டை நாய். மை மாதிரி கறுப்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே செம்பொட்டு, வீச்சரிவாள் போல ஒல்லியான உடம்பு. அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் தெருவில் பாதிப் பெண்பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அவ்வளவு சாதாரணமான பெயர். கன்னி நாயை எங்கள் பக்கம் பழைய ஆட்கள் விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். பெண் கொடுப்பது போல, சொந்தபந்தத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். என் மனைவிக்குப் பிறந்த ஊர் திருவேங்கடம் பக்கம். அங்கே மச்சினன் ஆடு வைத்திருக்கிறான். ஆட்டுக்குக் காவலாக அவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இந்த நாய்தான்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால், வளைகுடாவில் ஒரு கம்பெனி வேலை முடிந்து அடுத்த விசா வருவதற்குள் ஒன்றரை வருடம் ஊரில் இருந்தேன். அப்போது மச்சினன் ஒரு பெட்டைக் குட்டியைக் கொடுத்தான். வயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, டவுன் பஸ்ஸில் நானே கொண்டுவந்தேன். பாதி வழியில் கூடை ஒழுகி என் வேட்டி நனைந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு டிக்கெட் வேண்டாம். உங்களுக்குத்தான் ரெண்டு எடுக்கணும் போலிருக்கு, சீட்ட நாசமாக்கிட்டிய" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதன் வயதுக்கு நான்தான் சாட்சி என்பதற்கும் இந்தக் கதையைத்தான் ஆதாரமாகச் சொல்வேன்.

அந்த ஒன்றரை வருடமும் அது என் நிழல். கம்பங்கஞ்சி ஊற்றி வளர்த்தேன். மறுபடி நான் கிளம்பிய நாளில் விமான நிலையத்துக்குப் போகும் வேனுக்குப் பின்னாலேயே ரயில்வே கேட் வரைக்கும் ஓடிவந்தது. இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது, ஆட்டோவிலிருந்து நான் ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் மேலே பாய்ந்து, நக்கி, ஊளையிட்டு, சந்தோஷத்தில் மூத்திரம் விட்டு, தெருவையே கூட்டிவிட்டது. மகள்கூட அப்போது கதவுக்குப் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். நாய்க்கு வெட்கம் ஏது.

அதற்கு அடுத்த லீவு கிடைக்க நான்கு வருடம் ஆயிற்று. அந்த நான்கு வருடத்துக்கு நடுவில் என் அப்பா போய்விட்டார். கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. எங்கள் பக்கம் பெரியவர்கள் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், பிள்ளைகள் வரிசையாக வந்து வாயில் சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றுவார்கள். பெற்ற பிள்ளை ஊற்றிய பால் உள்ளே இறங்கினால்தான் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பார்கள். அப்பாவுக்கு நான் ஊற்றவில்லை. "உன் பேரச் சொல்லி நாங்க ஊத்திட்டோம்" என்று போனில் சொன்னார்கள். நான் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் அறையில் எட்டுப் பேர். துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருவழியாக லீவு கிடைத்து வந்து இறங்கினேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நாயைத்தான் தேடினேன். வாசலில் நின்று என்னைப் பார்த்து உறுமியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பின்னால் நகர்ந்து, பல்லைக் காட்டி, உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. நான்கு நாள் என் கையிலிருந்து ஒரு பிஸ்கட்கூட வாங்கவில்லை.

"ரொம்ப நாளாச்சுல்லா. மறந்திருக்கும்" என்றாள் மனைவி.

"நெஞ்சுல ஒரு வெள்ளத் திட்டு இருந்துச்சே, எங்க?"

"வயசு ஏற ஏற கறுத்துரும்னு தம்பி சொன்னான்."

வயதானால் வெள்ளை முடி கறுக்கும் என்று சொன்னதை நம்பிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அன்றைக்கு என் புத்தி திட்டில் இல்லை. அந்த உறுமலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே, "நாய்கூட என்னய மறந்துட்டு பாத்தியளா" என்றேன். சிரிப்பு வாயில்தான் இருந்தது. பிள்ளை வளர்வதைப் பார்க்கவில்லை, அப்பாவுக்குப் பால் ஊற்றவில்லை, வளர்த்த நாய் அடையாளம் தெரியாமல் உறுமுகிறது. எதற்கு இந்தச் சம்பாத்தியம் என்று முதன்முதலில் தோன்றியது அன்றைக்குத்தான். அது ஒரு முள்ளாக உள்ளேயே கிடந்தது. அப்புறம் நாய் என்னோடு பழகிவிட்டது, நானும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன், முள் மட்டும் அப்படியே இருந்தது.

ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. நாய்க்கு ஒரு வருடம் என்றால் மனிதனுக்கு ஏழு வருடம் என்று செல்போனில் யாரோ அனுப்பியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு புதுப் பெருமை வந்து சேர்ந்தது. குட்டி வந்தது ஆடித்தபசுத் திருவிழா சமயம் என்பதால், ஒவ்வொரு ஆடித்தபசுக்கும் ஏழால் பெருக்குவேன். கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் என் நாய்க்குப் பெயரே கிழவி என்றாகிவிட்டது.

"அண்ணாச்சி, கிழவி எப்படி இருக்கா?" என்று கேட்பார் டீ மாஸ்டர்.

"தொண்ணூத்தொண்ணு முடியப் போகுது. நேத்து ஒரு பூனைய விரட்டி மதில் மேல ஏத்திட்டா."

"எங்க ஆத்தா எழுவத்தஞ்சுல படுத்த படுக்கையா கிடக்கா. நீங்க என்னதான் குடுக்கிய?"

"கம்பங்கஞ்சி. சின்னதுல நான் ஊத்துன கஞ்சி."

இதைச் சொல்லும்போது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். டீக்கடையில் இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கம்பங்கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் வீட்டில் போய் அளந்தால், மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். என் பெருமை அவளுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. அதன் தூரில் நான் வார்னிஷ் டப்பா கழுவிய தண்ணீரை ஊற்றப்போனால் என் மனைவிக்குப் பொறுக்காது. "அங்கன ஊத்தாதிய" என்று சத்தம் போடுவாள். மரம் பட்டுப்போகும் என்று பயப்படுகிறாள், ஊறுகாய்க்காரி என்று கேலி செய்வேன்.

இந்த வருடம் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து ஒரு வாரம் இருக்கும், நாய் சாப்பாட்டை விட்டது. தண்ணீர் மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தது. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. மூன்றாவது நாள் எழுந்து நிற்க முடியவில்லை. மனைவி கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அதன் நெற்றியில் பூசிவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று காலையிலிருந்து பிடுங்கி எடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது போல இருந்தது. பதினான்கு பெருக்கல் ஏழு தொண்ணூற்றெட்டு. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

ஆனாலும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக். டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஸ்கேன் வைத்துப் பார்த்தார்.

"கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டியிருக்கு சார். குட்டி போடாத பெட்டை நாய்களுக்கு இது வரும். ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். விட்டா ரெண்டு நாள் தாங்காது. வயசு என்ன?"

"பதினாலு. நம்ம வயசுக்குத் தொண்ணூத்தெட்டு."

டாக்டரம்மா சிரித்தார். "ஏழால பெருக்கினீங்களா? அது தப்புக் கணக்கு சார். ஒரு வயசு நாய் குட்டி போடுது. ஏழு வயசுப் பிள்ளை பெத்துக்குமா? முதல் வருசமே அது பதினஞ்சு வயசுப் பொண்ணு மாதிரி ஆயிடும். ரெண்டு முடியும்போது இருபத்துநாலுன்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல வருசத்துக்கு நாலு, அஞ்சு. பெரிய ஜாதி நாய்னா இன்னும் வேகமா ஏறும். இதுக்கு அஞ்சுன்னு போடலாம்."

நான் மனசுக்குள் கூட்டினேன். எண்பத்துநாலு. ஒரே பேச்சில் பதினான்கு வருடத்தைக் குறைத்துவிட்டார், ஆனாலும் கிழவி கிழவிதான்.

அவர் நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பதினாலு மாதிரி தெரியலையே சார். நிச்சயமா தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "என் மடியில வச்சு பஸ்ஸுல தூக்கிட்டு வந்த குட்டிம்மா. எனக்குத் தெரியாதா?" என்று சத்தமாகவே சொன்னேன். என் பின்னால் நின்ற மனைவி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். நாய்க்காகக் கலங்குகிறாள் என்று நினைத்தேன்.

"பதினாலுன்னா மயக்க மருந்தையே தாங்குமான்னு சொல்ல முடியாது. டேபிள்லயே போயிடலாம். சின்ன வயசுன்னா நான் யோசிக்கவே மாட்டேன், இப்பவே கத்தி எடுப்பேன். நீங்க பேசி முடிவு பண்ணிட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

ஆட்டோவில் வரும்போதே நான் முடிவு பண்ணிவிட்டேன். எண்பதைத் தாண்டிய ஒரு ஜீவனைத் தெரியாத இடத்தில், தெரியாத ஆட்கள் நடுவே, இரும்பு மேஜையில் சாகவிடக் கூடாது. அப்பா போனபோது பக்கத்தில் இல்லாமல் போனேன். இதற்காவது பக்கத்தில் இருப்பேன். அதன் தலையை மடியில் வைத்து, நானே பால் ஊற்றி அனுப்பிவைப்பேன்.

வீட்டுக்கு வந்து, கூடத்தில் என் பழைய லுங்கியை விரித்து அதைக் கிடத்தினேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். தெருவில் தறிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுப்படியில் போய் நானே பாலை எடுத்து, ஆறியதுதானா என்று விரலை விட்டுப் பார்த்து, ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றி எடுத்துவந்தேன்.

"என்ன செய்யுதிய?" என்றாள் மனைவி.

"பால் ஊத்துதேன். நீயும் வந்து ஒரு சொட்டு விடு. பொண்ணுக்கு போன் போடு, அவளும் பாத்துக்கிடட்டும்."

"ஆபரேஷன்?"

"ஏட்டி, எம்பத்துநாலு வயசுக் கிழவிய அறுக்கச் சொல்லுதியா? இருந்து வாழ்ந்தாச்சு. நல்லபடியா போவட்டும்."

தரையில் உட்கார்ந்து நாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. விரலால் அதன் கடைவாயை விலக்கி டம்ளரைச் சாய்க்கப் போனேன். பின்னாலிருந்து கை வந்து டம்ளரைப் பிடுங்கியது. பாதிப் பால் என் சட்டையில் கொட்டியது.

"ஊத்தாதிய! அதுக்கு எட்டு வயசுதான் ஆகுது!"

எனக்குப் புரியவில்லை. கவலையில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன்.

"இது உங்க நாய் இல்ல" என்றாள். "உங்க நாய் செத்து எட்டு வருசம் ஆச்சு. இது வேற."

டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றபடியே மடமடவென்று சொன்னாள். அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். கொல்லையில் விறகுக்கட்டை அடியில் கிடந்த பாம்பை நாய் விடாமல் பிடித்திருக்கிறது. பாம்பும் செத்தது, நாயும் செத்தது. அரை மணி நேரம் கூட இல்லை. மச்சினன் வந்து எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். "அவுக அங்கன ஒத்தையில கிடக்காக. மாமா போனதுக்கே ஒரு மாசம் சோறு தண்ணி இல்லாம இருந்திருக்காக. இதையும் சொன்னா தாங்க மாட்டாக" என்று அழுதிருக்கிறாள் இவள். வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர்ப்பக்கம் எழுதாத சட்டம். சாவைக்கூடக் காய்ச்சல் என்றுதான் முதலில் சொல்வார்கள். அதே வீட்டில், அதே வம்சத்தில், அதே கறுப்பில் ஒரு பெட்டைக் குட்டி பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மச்சினன் அதைக் கொண்டுவந்து விட்டான். அதே பெயரை வைத்தார்கள்.

"குட்டியா இருக்கப்ப வீடியோ கால்ல காட்டாம இருக்க நாங்க பட்ட பாடு இருக்கே! தறி ஷெட்டுல கிடக்கு, குளிக்கப் போயிருக்குன்னு பொண்ணு சொல்லும். நாய் எங்கயாவது குளிக்கப் போகுமா? நீங்களும் சரி சரின்னிய."

"வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் நெனச்சேன். வந்து இறங்குனதும், நாய்கூட மறந்துட்டுன்னு சொல்லிச் சிரிச்சிய. உங்க மூஞ்சியப் பாத்தேன். எப்படிச் சொல்லுவேன்? இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு போயிட்டு. அப்புறம் நீங்க டீக்கடையில தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தெட்டுன்னு ஏத்திக்கிட்டே போனிய. ஊரே கும்பிடுது. நான் எங்க போயிச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வழக்கமாக எனக்குக் கோபத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் மண்டை வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. முதல் இரண்டு வருடத்துக்கு இருபத்துநாலு. மிச்சம் ஆறு வருடம், அஞ்சு அஞ்சாக முப்பது. ஐம்பத்துநாலு. என் வயது. மடியில் கிடப்பது கிழவி இல்லை, என் செட்டு. எனக்கு இப்போது ஒரு ஆபரேஷன் என்றால் யாராவது பால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவார்களா?

"ஆட்டோவக் கூப்பிடு" என்றேன்.

கிளினிக் வாசலில் இறங்கி நடக்கும்போதே, "எட்டு வயசு! எட்டு வயசுதாம்மா!" என்று கத்திக்கொண்டு போனேன். உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். டாக்டரம்மா என்னையும் பார்த்தார், பின்னால் தலை குனிந்து வந்த என் மனைவியையும் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, பல்லு அப்படி இல்லைன்னு" என்றதோடு விட்டுவிட்டு, உள்ளே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். பச்சைத் திரை போட்ட கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். மகள் இராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டு, "குளிக்கப் போயிருக்குன்னு வீடியோவுல சொன்னியே, அந்த நாய் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கோ" என்றேன். "அப்பா, தெரிஞ்சிட்டா?" என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எட்டாவது படிக்கும்போது பிடித்த பொய், பாவம், இவ்வளவு நாள் சுமந்திருக்கிறாள்.

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்கும் ஒரு பொய் பாக்கி இருந்தது. அங்கே இருந்தபோது ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்து மூன்று வாரம் கேம்பில் கிடந்தேன். போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி வெறும் குரலில் பேசிக்கொண்டிருந்தேன். அதை அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் என் சட்டைக் காலரை விலக்கி, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இது பிறவியிலேயே இருக்குன்னிய" என்றாள். ஆமாம், நான் சொன்னதையும் அவள் நம்பித்தான் இருந்திருக்கிறாள்.

ஒன்றரை மணி நேரம். கதவு திறந்து டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது சார். ஹார்ட் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. இன்னும் அஞ்சாறு வருசம் உங்களை மேய்க்கும்."

எழுந்து நின்ற நான் மறுபடி நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். மனைவி கோமதியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு, ஏதோ நினைவு வந்தவள் போலச் சொன்னாள்:

"அது உங்கள மறக்கல."

"எது?"

"செத்துப்போச்சே, அது. உங்க போனுக்குத் தனி ரிங்டோன் வச்சிருந்தேன்லா. உங்க லீவு நாளு வெள்ளிக்கிழமை அந்த ரிங் அடிச்சா, எங்க கிடந்தாலும் ஓடி வந்துரும். ஸ்பீக்கர்ல உங்க சத்தம் கேட்டா போன நக்கும். சாகுறதுக்கு முந்தின வாரம்கூட நக்குச்சு. உங்களப் பாத்து உறுமினது இது. இதுக்கு உங்கள அன்னைக்கு வரைக்கும் தெரியாது. அது உங்கள மறக்கவே இல்ல."

அவ்வளவுதான். நான் உடைந்துவிட்டேன். கேம்ப் அறையில் துண்டுக்குள் அடக்கிய அழுகையும் சேர்ந்து வந்ததோ என்னவோ, கிளினிக் என்று பார்க்காமல் விக்கி விக்கி அழுதேன். ரசீது எழுதும் பெண் எழுந்து வந்து, "அண்ணாச்சி, அழாதிய, அதான் நல்லா ஆயிட்டுல்லா, பொழச்சிட்டு" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிழைத்த நாய்க்காக நான் அழவில்லை என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். உள்ளே கிடந்த முள் அன்றைக்கு வெளியே வந்தது.

மறுநாள் காலையில் நாயை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வயிற்றில் தையல், கழுத்தில் தையலை நக்காமல் இருக்கப் போட்ட பிளாஸ்டிக் புனல். தண்ணீர் கலந்து கொஞ்சம் பால் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதே சில்வர் டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு நான் முதலில் கொல்லைக்குப் போனேன். மனைவி பின்னால் வந்தாள். எலுமிச்சைத் தூரில் உட்கார்ந்து, மண்ணைக் கையால் கொஞ்சம் சமப்படுத்தினேன். எங்கள் பக்கம் அடக்கம் செய்த மறுநாள் பால் ஊற்றுவார்கள். எனக்கு எட்டு வருடம் பிந்திவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாதி டம்ளர் பாலை ஊற்றினேன். மண் சட்டென்று குடித்துக்கொண்டது.

பெயர் இரண்டு பேருக்கும் பொது அல்லவா. கூடத்திலிருந்து தரையில் வால் அடிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போய், புனலைக் கழற்றி, மிச்சப் பாலில் தண்ணீரைக் கலந்து கிண்ணத்தில் ஊற்றி அதன் முன்னால் வைத்தேன். யாரும் வாயைத் திறந்து ஊற்ற வேண்டியிருக்கவில்லை. அவளே தலையைத் தூக்கி, கிண்ணம் தரையில் நகர்ந்துபோகிற அளவுக்கு நக்கிக் குடித்தாள்.